பள்ளியும் ஊரும்

(அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் விழாவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பள்ளிகளும் மக்கள் தொடர்பும்" என்னும் தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது நான் சற்றுத் தயங்கினேன். மக்கள் தொடர்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாளிதழின் முழுப்பக்க விளம்பரமும், நாற்சந்தியில் நிற்கும் பிளக்ஸ் பலகையும், அதில் வரிசையாக அச்சிடப்பட்ட மாணவர் முகங்களும்தாம் நம் கண்முன் வருகின்றன. முப்பத்து நான்கு ஆண்டுகள் கிராமத்துப் பள்ளிகளில் பணியாற்றியவனுக்கு அக்கலை தெரியாது. ஆனால் செயலாளர் விடவில்லை. "வரும் ஆண்டில் நம் முன்னோர் வாழ்ந்த ஊர்களிலுள்ள பள்ளிகளுக்கு உதவ அறக்கட்டளை எண்ணியிருக்கிறது. பணம் கொடுப்பது எளிது. ஊரோடு எப்படிப் பழகுவது என்பதைச் சொல்லுங்கள்" என்றார். அது எனக்கு ஓரளவு தெரியும். தெரிந்துகொண்ட விதம் பெருமைக்குரியதன்று; அதையும் இங்கே மறைக்கப்போவதில்லை.

பள்ளி என்னும் சொல்லே சமணத் துறவியர் உறைவிடத்தைக் குறித்து, பின்னர்க் கல்விக்கூடத்துக்கு ஆகிவந்தது என்று அறிஞர் கூறுவதை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். மகிழ்வதில் தவறில்லை. ஆயினும் வந்தவாசி வட்டாரத்தில், கல்வெட்டில் விடால் என்று குறிக்கப்படும் ஊரின் மலையிலுள்ள சாசனத்தை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்று கருதப்படும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியர் அங்கே இருந்தார். அங்கிருந்த ஐந்நூற்றுவர் மாணாக்கருக்கும் நானூற்றுவர் தவப்பெண்டிருக்கும் இடையே ஒரு பிணக்கு எழுந்தது. அதனையொட்டி அவ்வூரார், குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் தாங்கள் காத்து உணவளிப்பதாக ஏற்றுக்கொண்டார்கள். இதில் அரசன் பெயர் ஆண்டைக் குறிப்பதற்காக மட்டுமே வருகிறது. பொறுப்பேற்றவர்கள் ஊரார். கல்விக்கூடத்தில் சண்டை வந்தபோதும் அவர்கள் அதைக் கைவிடவில்லை; சண்டை வந்த பிறகே அதைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டார்கள். எனக்கு அக்கல்வெட்டில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

ஊர் பள்ளியைத் தாங்கிய வரலாறு நம் காலத்துக்கு நெருக்கமாகவும் உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். மதிய உணவுத் திட்டம் முதலில் அரசுப் பணத்தில் தொடங்கப்படவில்லை. ஊரார் தந்த அரிசியிலும் பருப்பிலும் தொடங்கப்பட்டது. பின்னர் அரசு பங்கேற்றபோதும், ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நான்கு காசை ஊரும் ஏற்றன. 1958இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பின்னர் மாநிலம் முழுவதும் அத்தகைய மாநாடுகள் நடந்தன. அம்மாநாடுகளின் நடைமுறையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் முன்கூட்டியே உட்கார்ந்து, தங்கள் பள்ளிக்கு இல்லாதவற்றைப் பட்டியலிடுவார்கள். கரும்பலகை, மணி, நிலப்படம், பெஞ்சு, ஓடு, கிணறு, சீருடை என்று அது நீளும். பிறகு ஊரார் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைப் பொறுப்பேற்பர். பெருநிலக்கிழார் கட்டடம் கட்டினார். கூலி வேலை செய்தவர் ஒரு சிலேட்டுக் கொடுத்தார். இரண்டும் பட்டியலில் எழுதப்பட்டன.

அந்தப் பட்டியலில்தான் நுட்பம் இருக்கிறது. "எங்கள் பள்ளியில் எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லி யாரும் உதவி கேட்கவில்லை. "எங்களிடம் இது இல்லை, இது உடைந்திருக்கிறது" என்று சபையில் சொல்லிக் கேட்டார்கள். குறையைச் சொன்ன பள்ளியை ஊர் நம்பியது. இதை நான் ஆசிரியர் பயிற்சியிலேயே படித்தேன், தேர்விலும் எழுதினேன். ஆனால் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்த பிறகு அதை மறந்தேன்.

2003ஆம் ஆண்டு, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஊரின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் அதே குடும்பங்கள் வாழ்கின்றன. 164 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மதிய உணவுக்குப் பிறகு ஏழு பிள்ளைகள் வாந்தியெடுத்தனர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் சென்றோம். மாலைக்குள் எழுவரும் தேறினர். அதோடு முடிந்திருக்க வேண்டிய செய்தி.

நான் செய்தது என்ன தெரியுமா? பள்ளியின் இரும்புக் கதவைப் பூட்டச் சொன்னேன். "வெளியே யாரும் எதுவும் பேசக் கூடாது, மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பும் வரை வாய் திறக்க வேண்டாம்" என்று ஆசிரியர்களிடம் சொன்னேன். பள்ளியின் நற்பெயரைக் காப்பதாக எனக்கு எண்ணம். ஒரு தாய் மறுநாள் என்னிடம் சொன்னார்: "எம் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு இஸ்கூல்ல சொல்லல சார். டீக்கடையில சொன்னாங்க." டீக்கடையில் சொல்லப்பட்டது வேறு. ஏழு பேர் எழுபதாகி, மாலை ஆறு மணிக்குள் இரண்டு பிள்ளைகள் இறந்துவிட்டதாக அடுத்த ஊர் வரை செய்தி போயிருந்தது. பூட்டிய கதவு அவ்வதந்திக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அதைவிடக் கொடியது ஒன்று நடந்தது. சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டது என்று எவரோ கிளப்பிவிட்டார். சமையல் செய்த அம்மையார் கணவரை இழந்தவர். அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். தெருவில் அவரை நிறுத்தி வைத்து ஏசினார்கள். அவர் வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் மீது பிழை இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்று மாலையே நான் ஏணி வைத்து ஏறி, குடிநீர்த் தொட்டியைப் பார்த்திருந்தேன். அடியில் விரல் கனத்துக்குப் பாசி. இறந்து கிடந்த ஒரு குருவி. மாதம் இருமுறை தொட்டி கழுவப்பட்டதாகப் பதிவேட்டில் கையொப்பம் இருந்தது. அந்தக் கையொப்பம் என்னுடையது. தொட்டி கழுவப்படவில்லை.

பெரியோர்களே, மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. எந்த உயிருக்கும் மனத்தாலும் வாக்காலும் காயத்தாலும் தீங்கு செய்யலாகாது என்று பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தவன் நான். பேசாமல் இருப்பதாலும் ஒருவரை அடிக்க முடியும் என்று அந்த மூன்று நாள்களில் அறிந்தேன்.

நான்காம் நாள் இரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை, டீக்கடையில் சொன்னார்கள் என்று என்னிடம் சொன்ன அந்தத் தாயின் வீட்டுக்கு முதலில் போனேன். நாற்று நடப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். திண்ணையில்கூட உட்காராமல், நின்றபடியே உண்மையைச் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தொட்டிய கழுவலன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே வந்து கழுவி வச்சிருப்போமே சார். எங்க புள்ளைங்க குடிக்கிற தண்ணிதானே?" என்றார்.

அவ்வளவுதான். என் பி.எட். பட்டமும் இருபது ஆண்டு அனுபவமும் எனக்குச் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். பள்ளி என்னுடையது, பெற்றோர் வெளியே நிற்பவர்கள், அவர்களிடமிருந்து பள்ளியைக் காப்பது என் கடமை என்று நான் நினைத்திருந்தேன். அவரோ பள்ளியைத் தம்முடையதாகவே எண்ணியிருந்தார். கதவைப் பூட்டியவன் நான்.

அன்று மாலை வேப்பமரத்தடியில் ஊரைக் கூட்டி, சமையல் அம்மையாரையும் வரவழைத்து, அனைவர் முன்னும் என் பிழையைச் சொன்னேன். சிலர் உரத்துப் பேசினர், அது நியாயமே. அந்த அம்மையார் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போனார். மறுநாள் காலை சமையற்கூடத்தில் புகை வந்தது. அதன் பின் அவர் அதைப் பற்றி என்னிடம் என்றுமே பேசவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதையாகிவிடும். அடுத்த ஜூன் மாதம் 31 பிள்ளைகளின் பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தனர். தனியார் பள்ளி வேன் ஒன்று முதன்முறையாக அவ்வூருக்குள் வந்தது. அந்த 31 பேரில் திரும்பி வந்தவர்கள் ஒன்பது பேர், அதுவும் மூன்று ஆண்டுகளில். மற்றவர்கள் வரவில்லை.

அதன் பிறகு சில பழக்கங்களை மாற்றிக்கொண்டோம். பெற்றோர் கூட்டத்தைப் பகல் மூன்று மணிக்கு வைத்து, "பெற்றோர் அக்கறையற்றவர்கள், யாரும் வருவதில்லை" என்று குறைபட்டுக்கொண்டிருந்தோம். பகல் மூன்று மணிக்குக் கழனியை விட்டு எவர் வருவார்? ஒரு நாள் கூலியை இழந்து வந்து, கடைசி வரிசையில் நின்று, தம் பிள்ளை படிப்பதில்லை என்ற வசையைக் கேட்டுவிட்டுப் போகவா? கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு மாற்றினோம். ஒரு மாதம் ஊரில், மறுமாதம் காலனியில். இதற்கு ஊர்ப் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். பள்ளியில் காலனிப் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருந்தனர். அவர்களுடைய பெற்றோர் ஊர்க் கூட்டத்தில் உட்கார இடம் இருந்ததே தவிரப் பேச இடம் இல்லை. அவர்கள் வாசலில் கூடியபோதுதான் அவர்கள் பேசிக் கேட்டேன். கழிப்பறைக்குக் கதவு இல்லாததால் ஏழாம் வகுப்புப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்ற செய்தி அங்கேதான் வெளிவந்தது. என் ஆசிரியர்களில் ஒருவருக்கும், எனக்கும், அது தெரிந்திருக்கவில்லை.

வீடு தேடிப் போவதைப் பற்றி ஒரு சொல். பிள்ளை தவறு செய்தால்தான் ஆசிரியர் வீட்டுக்கு வருவார் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆகவே ஆசிரியர் தெருவில் வந்தாலே தாய்க்கு நெஞ்சு படபடக்கும். நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம்: ஆண்டின் முதல் வருகை ஒரு நல்ல செய்தியோடு இருக்க வேண்டும். "உங்கள் மகன் அழகாகப் படம் வரைகிறான்" என்று சொல்லத்தான் முதலில் போவது. அப்படிப் போன வீட்டுக்கு, பின்னர் விடுப்பு அதிகமாகிவிட்டது என்று சொல்லப் போகும்போது கதவு திறக்கும். கொரோனாக் காலத்துக்குப் பிறகு 2021 அக்டோபரில் மரக்காணம் ஒன்றியத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னபோது, என் பழைய மாணவி ஒருத்தியும் அதில் இருந்தாள். பாடத்தைவிட, பாடம் நடப்பதைத் தாய்மார்கள் கண்ணால் பார்த்ததே பெரிது என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் முப்பது ஆண்டுகளில் கற்றதை அவள் மூன்று மாதத்தில் கற்றிருந்தாள்.

இப்போது சட்டமே பெற்றோருக்கு இடம் தந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தியது. குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்; நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், வந்த நிதி எவ்வாறு செலவாயிற்று என்று பார்ப்பதும் அவர்களுடைய பொறுப்பு. 2022இல் நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளின் குழுக்கள் 20 உறுப்பினர்களோடு புதிதாக அமைக்கப்பட்டன.

தாளில் இது மிக நன்று. தொடக்க ஆண்டுகளில் நடந்தது வேறு. தீர்மானப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் எழுதி முடித்து, ஒரு மாணவன் கையில் கொடுத்தனுப்பி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று வீடு வீடாக வாங்கி வருவது. கூட்டம் நடந்ததாக ஆகிவிடும். தொட்டி கழுவாமல் கையொப்பமிட்டவன் நான். ஆகவே அந்தப் பதிவேட்டைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் பள்ளியில் குழுத் தலைவியாக வந்தவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். முதற்கூட்டத்தில் வரவு செலவைப் படித்தபோது, "சார், இந்தப் பணம் எதுக்கு வந்துச்சு, எதுக்குப் போச்சுன்னு செவுத்துல எழுதிப் போடுங்க. நான் ஒருத்தி கேட்டா போதுமா?" என்றார். எழுதினோம். வகுப்பறைச் சுவரின் வெளிப்புறம், தெருவிலிருந்து தெரியும்படி. ஊராட்சித் தலைவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை; அவருக்குத் தம் பெயர் அச்சுவரில் வேண்டும் என்ற விருப்பம் இருந்தது. கணக்கை எழுதிய பின் பெயருக்கு இடம் மிஞ்சவில்லை.

கேள்வி கேட்கும் பெற்றோரைத் தொல்லை என்று நினைக்கும் நிர்வாகிகள் இன்றும் பலர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டதை நாம் மறக்க முடியாது. கூரை வேய்ந்த கட்டடங்களைப் பள்ளிகளிலிருந்து அகற்ற வேண்டும் என்ற முனைப்பு அதன் பிறகே வந்தது. சமையற்கூடம் எங்கே இருக்கிறது, வெளியே வர எத்தனை வழி என்று பெற்றோர் கேட்டால் முகம் கடுக்காமல் அழைத்துச் சென்று காட்டுகிற பள்ளியையே நான் நல்ல பள்ளி என்பேன்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு கைவிட்டது. ஆனால் பிளக்ஸ் பலகைகள் கைவிடவில்லை. அப்பலகையில் பத்து முகங்கள் இருக்கும். இருநூறு பிள்ளைகள் தேர்வெழுதிய பள்ளியில் மீதி நூற்றுத் தொண்ணூறு பேர் தினமும் அதன் அடியில் நடந்து வகுப்புக்குப் போகிறார்கள். அவர்களும் அப்பள்ளியின் மக்கள்தாம்.

இனி நம் அறக்கட்டளைக்கு வருகிறேன். நம்மில் பெரும்பாலோர் வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் சென்றவர்கள். நம் குடும்பங்களில் ஆசிரியப் பணி செய்யாத குடும்பம் அரிது. ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என்று நான்கு தானங்களைச் சொல்லும் மரபு நம்முடையது. ஆகவே ஊர்ப் பள்ளிக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் இயல்பாக வருகிறது. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் முன்னாள் மாணவர்களையும் கொடையாளர்களையும் இதற்கே அழைக்கிறது.

நிர்வாகக் குழுவின் முன் இருக்கும் திட்டங்களில் முதலாவதாக ஒரு பள்ளிக்கு அலங்கார நுழைவாயில் வளைவு கட்டித் தருவது இருப்பதாக அறிகிறேன். என்னைப் பொறுத்தருள வேண்டும். அதை நான் ஆதரிக்க இயலவில்லை. அப்பள்ளிக்குச் சென்ற மாதம் போய்வந்தேன். மேலாண்மைக் குழுத் தாய்மார் இருவரைச் சந்தித்தேன். வளைவு வரப்போவது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சொன்னவை இரண்டு: பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பு இல்லை, மாலை ஐந்து மணிக்குப் பின் பிள்ளைகளை வைத்துப் பாடம் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் நல்லது. இரண்டுக்கும் சேர்த்து வளைவின் செலவில் கால் பங்கு ஆகாது என்பது என் கணிப்பு. அவற்றில் பெயர் பொறிக்க இடமும் இராது.

நோட்டுப் புத்தகம் வழங்கும்போது பிள்ளையை நடுவில் நிறுத்தி, இருபுறமும் நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டுகிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது தெரியும். வாங்கியவன் முகம் தெரியக் கொடுப்பதை நம் பெரியோர் தானம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். இன்று இம்மேடையில் உதவி பெறும் பிள்ளைகளைத் தனித்தனியே அழைக்காமல், உறையைத் தாயின் கையில் முன்னரே கொடுத்துவிட்டார்கள் என்று அறிந்தேன். செயலாளருக்கு என் நன்றி.

அறக்கட்டளை ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டால், முதலாண்டில் பணமே கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இருவர் மூவராக மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குத் தலைமையாசிரியரின் இசைவோடு சென்று பின்வரிசையில் உட்காருங்கள். பேச வேண்டாம், கேளுங்கள். காலனியில் கூட்டம் நடந்தால் அங்கும் செல்லுங்கள், கொடுக்கும் தேநீரைக் குடியுங்கள். பள்ளியின் தேவைப் பட்டியலை அவர்களே எழுதட்டும். ஆண்டு முடிவில் அப்பட்டியலிலிருந்து நம்மால் இயன்றதை எடுத்துக்கொள்வோம். அவர்களால் இயன்றதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு சிலேட்டாயினும் அவர்கள் பங்கு அதில் எழுதப்பட வேண்டும்.

அடுத்த மாதம் ஆலயத் திருவிழாவுக்குப் பல குடும்பங்கள் ஊருக்கு வருவீர்கள். நான் சொன்ன அந்தப் பள்ளியின் குழுக் கூட்டம் திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை நடக்கிறது. நான் போகிறேன். உடன் வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம். கார்கள் வேண்டாம், பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி அரைக் கல் தொலைவுதான், நடந்தே போய்விடலாம்.